கோழிக்கடை, இறைச்சிக்கடை மெசினில் புதிதாகக் கை வைப்பவர்களுக்கு

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் கத்தியும் கட்டையும் மட்டும் வைத்து நடக்கும் இறைச்சிக் கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஓட்டமாவடி, ஏறாவூர், காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று எங்கே போனாலும் ஒரு இறகு பிடுங்கும் மெசின் நிற்கிறது, பக்கத்தில் ஒரு அரைக்கும் மெசின் நிற்கிறது. கொஞ்சம் பெரிய இடமென்றால் எலும்பு வெட்டும் வாள் மெசினும் இருக்கும். இவற்றைத் திருத்துவதுதான் என் தொழில். போகிற இடங்களில் விரல் குறைந்த கைகளைப் பார்க்கிறேன். அதில் பாதிப்பேர் வேலைக்குப் புதிதாக வந்தபோது பட்டவர்கள்.

அவர்களிடம் எப்படி நடந்தது என்று கேட்டால் வெட்டிக்கொண்டிருக்கும்போது பட்டது என்று சொல்பவர்கள் குறைவு. ஓடுகிற வாளுக்கு முன்னால் எல்லாருக்கும் பயம் இருக்கிறது, கவனமும் இருக்கிறது. மெசின் சிக்கி நின்ற நேரம், கழுவிய நேரம், கடைசித் துண்டைத் தள்ளிய நேரம், கரண்ட் போய்த் திரும்பி வந்த நேரம் — கை போனது இந்த நேரங்களில்தான். ஆகவே இந்தக் கட்டுரையில் நான் அதிகம் பேசப்போவது நின்ற மெசினைப் பற்றி.

சேர முன்பு

முதலில் வயது. 18 வயது ஆகாதவர்களை அபாயமான வேலையில் சேர்க்க இலங்கைச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஓ.எல். எழுதிவிட்டு றிசல்ட் வரும்வரை சும்மா நிற்கும் தம்பியைக் கடைக்கு அனுப்புகிற தாய் தகப்பன் இதைக் கவனிக்க வேண்டும். கல்லாவில் நிற்கட்டும், பொதி கட்டட்டும், மெசினில் வேண்டாம்.

அடுத்து, முதலாளியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எனக்கு மெசினைப் பழக்கப்போவது யார்? எத்தனை நாள் அவர் பக்கத்தில் நிற்பார்? “பார்த்துப் பார்த்துப் பழகு” என்ற பதில் வந்தால், முதல் கிழமை கத்தி வேலையோ பொதி கட்டும் வேலையோ தாருங்கள், பழகின பிறகு மெசினுக்கு வருகிறேன் என்று தன்மையாகச் சொல்லுங்கள். நல்ல முதலாளி அதைக் கேட்டுக் கோபிக்க மாட்டார். ஆள் காயப்பட்டால் கடை மூடும் என்று அவருக்கும் தெரியும்.

முதல் நாள் காலையில்

மெசினைத் தொட முன்பு அதைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். நிறுத்துகிற சுவிட்ச் எங்கே இருக்கிறது? நீங்கள் வேலை செய்ய நிற்கும் இடத்தில் இருந்து ஒரு கை சிக்கினால் மற்றக் கை அதற்கு எட்டுமா? நிறைய இடங்களில் சுவிட்ச் மெசினுக்குப் பின்னால் சுவரில் இருக்கும், முன்னால் நிற்பவனுக்கு எட்டாது. எட்டாவிட்டால் அந்த இடத்தில் தனியே வேலை செய்ய வேண்டாம். சிவப்பு நிறத்தில் காளான் மாதிரிப் பெரிய பட்டன் இருந்தால் அதை ஒரு தரம் அழுத்தி உண்மையாகவே மெசின் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வயர் கழன்று வெறும் அலங்காரமாகக் கிடக்கும் பட்டன்களைக் கண்டிருக்கிறேன்.

அப்புறம் மூடி. பெல்ட்டுக்கு மேலே, பல்சக்கரத்துக்கு மேலே, அரைக்கும் மெசினின் வாய்க்கு மேலே ஒவ்வொன்றிலும் ஒரு காப்பு மூடி இருக்க வேண்டும். புதிதாக வாங்கும்போது இருந்திருக்கும். “கழுவக் கஷ்டம், வேலை மெதுவாகிறது” என்று யாரோ கழற்றி மேல்தட்டில் போட்டிருப்பார்கள். அதை எடுத்துத் திரும்பப் பூட்டச் சொல்லிக் கேளுங்கள். தொலைந்துவிட்டதென்றால் ஒரு வெல்டிங் கடையில் அரை நாளில் செய்து தருவார்கள். பழுதில்லாமல் இருக்கும் மூடியை நீங்கள் மட்டும் கழற்றவே வேண்டாம். வேலையாள் வேண்டுமென்றே காப்பைக் கழற்றியதால் வந்த காயம் என்று காட்டி நட்டஈட்டை மறுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கரண்ட்: இதை ஆறுதலாக வாசியுங்கள்

2022 இல் நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலம் எல்லாருக்கும் நினைவிருக்கும். இப்போது அப்படி இல்லையென்றாலும் காற்று மழை காலத்தில், விசேஷமாக மாரியில், கரண்ட் போவதும் வருவதும் எங்கள் பக்கம் வழமைதான். கரண்ட் போனால் மெசின் நிற்கும். நின்ற மெசினைப் பார்த்ததும், சரி, இந்த நேரத்தில் சிக்கிக் கிடப்பதை எடுத்துவிடுவோம் என்று கை தானாகப் போகும். சுவிட்ச் ‘ஓன்’ இல் இருக்கிறது. கரண்ட் சொல்லாமல் திரும்பி வருகிறது. ஜெனரேட்டர் உள்ள இடத்தில் இன்னும் மோசம். சில விநாடியிலேயே அது பாய்ந்து எழும்பும்.

ஆகவே முதல் நாளே ஒரு சோதனை செய்து பார்க்கச் சொல்லுங்கள். மெசினுக்குள் ஒன்றும் போடாமல், எல்லாரும் தள்ளி நின்றுகொண்டு ஓட விடுங்கள். ஓடும்போதே மெயின் சுவிட்சை இறக்கி, கொஞ்சம் பொறுத்துத் திரும்ப ஏற்றுங்கள். மெசின் தானாக ஓடத் தொடங்கினால் அது ஆபத்தான மெசின். தானாக ஓடாமல், யாராவது ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால்தான் ஓடும் என்றால் நல்லது. தானாக ஓடுகிற மெசினுக்கு ஒரு மக்னெட்டிக் ஸ்டார்ட்டர் போட்டால் விஷயம் முடிந்தது. எந்த எலெக்ட்ரீஷியனும் செய்வார். ஒரு விரலுக்கு முன்னால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

இறைச்சிக் கடையில் எப்போதும் தரை ஈரம், கை ஈரம், மெசின் உடம்பும் இரும்பு. எர்த் வயர் பிடித்திருக்கிறதா, ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். ட்ரிப் சுவிட்சில் ‘டெஸ்ட்’ (TEST) என்று ஒரு சின்னப் பட்டன் இருக்கும். மாதத்துக்கு ஒரு தரம் அதை அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது உங்களைக் காப்பாற்றாது. மெசினைத் தொட்டால் விரல் நுனியில் மெல்லிய விறுவிறுப்புத் தெரிந்தாலும் அன்றைக்கு அந்த மெசினில் வேலை வேண்டாம். “அது எப்பவும் அப்படித்தான்” என்பார்கள், கேட்காதீர்கள்.

சிக்கினால், கழுவினால் செய்யும் ஒழுங்கு

இந்த ஒழுங்கை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். ஒவ்வொரு தரமும், அரை நிமிட வேலையானாலும்:

1. சுவிட்சை நிறுத்துங்கள்.
2. பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் இல்லாத த்ரீ பேஸ் மெசினென்றால் அதற்குரிய பிரேக்கரை இறக்கிப் பூட்டுப் போடுங்கள், திறப்பு உங்கள் பொக்கெற்றில் இருக்கட்டும்.
3. சுற்றுவது முழுதாக நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். வாள் மெசின், வட்டக் கத்தி இரண்டும் நிறுத்திய பிறகும் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். சத்தம் நின்றதென்று நம்பாமல் கண்ணால் பாருங்கள்.
4. ஸ்டார்ட் பட்டனை ஒரு தரம் அழுத்திப் பாருங்கள். ஓடவில்லையென்றால்தான் உண்மையில் கரண்ட் இல்லை.
5. அதற்குப் பிறகும் விரலால் தோண்ட வேண்டாம். மரக்குச்சி, பிளாஸ்டிக் கரண்டி, தூரிகை எதையாவது எடுங்கள்.

ஏறாவூரில் நான் போகிற கடையொன்றில் வயதான காக்கா ஒருவர் இருக்கிறார். மெசினைக் கழுவப் போகும்போது பிளக்கைக் கழற்றி, வயரை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொள்வார். பிளக் நெஞ்சுக்கு முன்னால் தொங்கும். கழுவி முடித்து, மூடியைப் பூட்டி, கையைத் துடைத்த பிறகுதான் தோளில் இருந்து இறக்குவார். அவர் கைக்குத் தெரியாமல் அந்த மெசினை யாராலும் ஓட விட முடியாது. வயர் நீளம் போதுமென்றால் நீங்களும் அப்படிச் செய்யலாம்.

ஒருவர் கழுவிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் வந்து சுவிட்சைப் போடுவது எங்கும் நடக்கும் விஷயம். போட்டவர் கெட்டவரில்லை, அவருக்குத் தெரியாது. அதனால்தான் பூட்டும் திறப்பும். வாயால் சொல்லி வைத்தால் போதும் என்று எண்ணாதீர்கள். இரைச்சலில் கேட்காது.

ஒவ்வொரு மெசினுக்கும்

*இறைச்சி அரைக்கும் மெசின்.* நான் பார்த்தவற்றில் கையைக் கூடுதலாகக் கெடுப்பது இதுதான். உள்ளே இருக்கும் திருகு விரலைப் பிடித்தால் விடாது, உள்ளே இழுத்துக்கொண்டே போகும். பிளக்கைக் கழற்றிவிட்டு ஒரு குச்சியை வாய்க்குள் விட்டு, திருகில் முட்டும் ஆழத்தை அளந்து, உங்கள் விரலோடு வைத்துப் பாருங்கள். விரல் எட்டுமென்றால் அந்த வாய்க்குத் தடுப்பு வேண்டும், அல்லது வாய் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்க வேண்டும். இறைச்சியைத் தள்ளுவதற்கென்று ஒரு தள்ளுகட்டை வரும். மெசினோடு சங்கிலி போட்டுக் கட்டி வையுங்கள். நாலு நாளில் தொலைவது அதுதான், தொலைந்த அன்றே விரலால் தள்ளத் தொடங்குவார்கள். தேக்கரண்டியால் தள்ளுவதும் கூடாது. கரண்டியைத் திருகு பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். இறைச்சியைச் சின்னத் துண்டாக வெட்டிப் போட்டால் சிக்குவது பாதியாகக் குறையும். நரம்பும் சவ்வும் கத்தியில் சுற்றித்தான் மெசின் திணறுகிறது. கத்தி மொட்டையானாலும் அப்படித்தான், ஆகவே கத்தியின் கூர்மையைக் கவனியுங்கள்.

*எலும்பு வெட்டும் வாள் மெசின்.* வாளுக்கு மேலே இறங்கி ஏறும் ஒரு காப்பு இருக்கும். வெட்டப்போகும் துண்டின் உயரத்துக்குச் சற்று மேலே, ஒரு விரற்கடை இடைவெளி விட்டு அதை இறக்குங்கள். மேலே தூக்கி வைத்தபடி வெட்டினால் அத்தனை நீள வாளும் திறந்து கிடக்கும். கையை வாளின் நேர்க்கோட்டில் வைக்காதீர்கள், பக்கவாட்டில் இருந்து தள்ளுங்கள். கடைசித் துண்டுக்குக் கட்டாயம் தள்ளுகட்டை. உறைந்த இறைச்சி வழுக்கி உருளும், அதைத் தட்டையான பக்கம் கீழே இருக்க வைத்து வெட்டுங்கள். மேசையில் சேரும் தூளை ஓடும்போது துணியால் துடைக்க வேண்டாம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம்: சங்கிலிக் கையுறை கத்தி வேலைக்கு மிக நல்லது. கத்தி பிடிக்காத கையில் போடுங்கள். ஆனால் வாள் மெசினிலோ சுற்றும் வேறு எந்த மெசினிலோ அதைப் போடக் கூடாது. வாளின் பல் கையுறையில் கொளுவினால் வெறும் காயத்தோடு போக வேண்டியது கையோடு போய்விடும். துணிக் கையுறைக்கும் இதே கதைதான்.

*கோழி துண்டு போடும் வட்டக் கத்தி.* கடை வேகமாக ஓடுவதற்கு இதைத்தான் நம்பி இருக்கிறார்கள், புதியவர்களை நிறுத்துவதும் இதில்தான். கோழி வழுக்கும், எலும்பில் கத்தி பட்டதும் துள்ளும். ஒரு கோழியைச் சின்னத் துண்டுகளாகப் போட்டுக்கொண்டு போகும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் விரல் கத்தியை நோக்கி நெருங்கிக்கொண்டே வருகிறது. ஆகவே கழுத்து, செட்டை நுனி, கால் போன்ற சின்னவற்றைக் கையால் பிடித்து அதில் வெட்ட வேண்டாம், கட்டையில் போட்டுக் கத்தியால் கொத்துங்கள். வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டு வெட்டாதீர்கள். அவர் கேட்டால் மெசினை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

*இறகு பிடுங்கும் மெசின்.* றப்பர் விரல்கள்தானே என்று அலட்சியம் வேண்டாம். கீழே சுற்றும் தட்டுக்கும் டிரம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளி கையை முறித்துவிடும். உள்ளே சிக்கிய கோழியை ஓடும்போதே பிடித்து இழுக்கக் கூடாது. இந்த மெசினுக்குப் பக்கத்திலேயே சுடுதண்ணீர்ப் பாத்திரமும் இருக்கும். கோழி முக்கும் தண்ணீர் 60 பாகைக்குக் கிட்ட இருக்கும், அதில் சில விநாடியிலேயே தோல் வெந்துவிடும். பாத்திரத்தைக் காலடியில் வைக்காமல் இடுப்பு உயரத்தில் அசையாத மேடையில் வையுங்கள். சுட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள். பற்பசை, முட்டை, எண்ணெய் பூச வேண்டாம்.

குளிர் அறைக்குள் போகும் முன், உள்ளே இருந்து கதவைத் திறக்கும் பிடி வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். அது போதும்.

உடுப்பு

மோதிரத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். மெசினில் மோதிரம் கொளுவினால் விரலின் தோலையும் சதையையும் உறை கழற்றுவது போல இழுத்துவிடும். கோயிலில் கட்டிய நூல், மணிக்கூடு, காப்பு எல்லாம் அதே. நூலைக் கழற்ற மனம் வராதென்றால் மேற்கையில் ஏற்றிக் கட்டுங்கள். சாரம் கட்டிக்கொண்டு பெல்ட் மெசினுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம். தங்கச்சிமார் சால் நுனியையும் ஹிஜாப் நுனியையும் உடுப்புக்குள் செருகி, அதற்கு மேலே ஏப்ரனைக் கட்டுங்கள். ஏப்ரன் நாடாவைப் பின்னால் முடிச்சுப் போடுங்கள், முன்னால் தொங்க விடாதீர்கள். காலுக்கு வழுக்காத றப்பர் பூட்ஸ். பாட்டா செருப்போடு கொழுப்புத் தண்ணீரில் நிற்பவர் விழும்போது கை எதைப் பிடிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தரையைச் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு நாளுக்கு இரண்டு மூன்று தரம் உரசுவதும் மெசின் பாதுகாப்புத்தான்.

எந்த நாளில் கூடுதல் கவனம்

போயாவுக்கு முதல் நாள் பின்னேரம். போயாவில் இறைச்சிக் கடை மூடியிருக்கும் என்பதால் முதல் நாள் சனம் நெரியும். நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் முந்திய நாட்கள், தீபாவளி, சித்திரைப் புத்தாண்டு, நத்தார் காலம். இந்த நாட்களில் காலை நாலு மணிக்கு எழும்பியவர் இரவு ஒன்பது மணிக்கும் வாள் மெசினில் நிற்பார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவதென்று முதலே பேசி வையுங்கள். மூடியிருக்கும் போயா நாளில் மெசின்களைக் கழற்றிக் கழுவி, கத்தி தீட்டி, கிறீஸ் போட்டு வைத்தால் அடுத்த நாள் சிக்கல் குறையும்.

பட்டுவிட்டால்

கை மெசினுக்குள் சிக்கியிருந்தால் இழுக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றுங்கள். அரைக்கும் மெசினைப் பின்பக்கமாக ஓட்டிக் கையை எடுக்கப் பார்க்காதீர்கள், இருக்கிற சதையும் கிழியும். மேசையில் வைக்கும் மெசின்களில் முன்தலை ஒரு பிடித்திருகைக் கழற்றினால் மோட்டாரில் இருந்து பிரிந்து வரும். கையோடு சேர்த்து அந்தத் தலையையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம், மிச்சத்தை டொக்டர்மார் பார்த்துக்கொள்வார்கள். அந்தத் திருகு எது என்று முதல் நாளே தெரிந்து வைத்திருங்கள்.

இரத்தம் ஓடினால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். மஞ்சள், கோப்பித்தூள் வைக்க வேண்டாம்.

விரல் துண்டாகிவிட்டால் அந்தத் துண்டைத் தேடி எடுங்கள். இறைச்சிக் கடையில் ஐஸ் நிறைய இருக்கும், உடனே அதற்குள் போடத் தோன்றும். நேரே ஐஸில் வைத்தால் துண்டு உறைந்து பழுதாகிவிடும். ஈரமாக்கிப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையிலோ வாளியிலோ வையுங்கள். பையின் மேலே நேரத்தை எழுதுங்கள். குளிராக வைத்த விரலுக்குச் சில மணித்தியாலம் அவகாசம் இருக்கிறது. வெளியில் வைத்த விரலுக்கு அவ்வளவு இல்லை.

1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. விரல் துண்டாகிவிட்டதென்று போனிலேயே சொல்லுங்கள். கிட்ட உள்ள சின்ன ஆஸ்பத்திரிக்கு முதலில் போனாலும், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ வேறு பெரிய இடத்துக்கோ மாற்ற வேண்டுமா என்று அங்கே உடனே கேளுங்கள். ஆளுக்குச் சாப்பாடும் தேத்தண்ணியும் கொடுக்காதீர்கள், சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வரலாம்.

சின்ன வெட்டையும் விட வேண்டாம். சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, தண்ணீர் போகாமல் மூடுங்கள். ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று தெரியாவிட்டால் போய்ப் போடுங்கள். வெட்டுக் காயத்தோடு அழுக்குத் தண்ணீரில் கை வைத்தவருக்கு எலிக்காய்ச்சலும் வரலாம். காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் இறைச்சிக் கடையில் வேலை என்று டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

காசு, கடிதம்

வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. நாட்கூலியாக நின்றாலும் முதலாளியின் தொழிலுக்காகத்தான் வேலை செய்தீர்கள் என்பதால் நீங்களும் அதற்குள் வருவீர்கள். தொழிற்சாலை என்று கொள்ளப்படும் இடமென்றால் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. உயிர் போனாலோ, மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனாலோ முதலாளி அதை எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

“ஆஸ்பத்திரிச் செலவு நான் பார்க்கிறேன், வீட்டில் வெட்டுப்பட்டதென்று சொல்” என்று கேட்கக்கூடும். நல்ல மனதோடு கேட்டாலும் அப்படிச் சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரியில் முதலில் எழுதுவதைத்தான் பிறகு எல்லாரும் பார்ப்பார்கள். எந்தக் கடையில், எந்த மெசினில், எத்தனை மணிக்கு என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அங்குள்ள பொலிஸ் வாக்குமூலம் எடுத்தால் அதிலும் அதையே சொல்லுங்கள்.

பிறகு இவற்றைச் சேர்த்து ஒரு ஃபைலில் போடுங்கள்: ஆஸ்பத்திரியில் விடும்போது தரும் டயக்னோசிஸ் காட், மருந்துத் துண்டுகள், மெசினின் போட்டோ (மூடி இருந்ததா இல்லையா என்று தெரிய), கூட நின்றவர்களின் பெயர், சம்பளம் வாங்கியதற்குரிய ஏதாவது எழுத்து. சம்பளத்தைக் கையில் வாங்குபவர்கள் அன்றன்றைக்கே ஒரு கொப்பியில் திகதியும் தொகையும் எழுதி வாருங்கள். முடிந்தால் மாதத்துக்கு ஒருமுறை அதில் முதலாளியின் கையெழுத்தையும் வாங்குங்கள். நட்டஈட்டைக் கணக்குப் பார்ப்பது சம்பளத்தை வைத்துத்தான்.

ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி), ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) கட்டுகிறார்களா என்பதையும் இப்போதே கேளுங்கள். ஈ.பி.எஃப்புக்குச் சம்பளத்தில் உங்கள் பங்கு நூற்றுக்கு 8, முதலாளி பங்கு 12. ஈ.டி.எஃப்புக்கு முதலாளி மட்டும் 3 கட்ட வேண்டும். ஈ.டி.எஃப்பில் நிரந்தரமாக அங்கம் இழந்தவர்களுக்கென்று உதவி இருக்கிறது. பலர் அதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கட்டவில்லை என்றாலோ விபத்தை மறைத்தார்கள் என்றாலோ உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்துக்கு ஃபைலோடு போங்கள். அங்கே தமிழில் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதியும் சீலும் அடித்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.